டிரோபோனின் 62, பிரஷர் 118: எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. மூட்டு மாற்று அறுவை முடிந்த 12ஆம் நாள், பாத்ரூமுக்கு நடந்து போகும்போது மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிடி எடுத்ததில் இரண்டு பக்க நுரையீரல் தமனிகளிலும் ரத்தக் கட்டி (பல்மனரி எம்பாலிசம், சுருக்கமாக பிஇ). டி-டைமர் 8,400. டிரோபோனின் 62. என்டி-ப்ரோபிஎன்பி 2,300. பிரஷர் 118/76, பல்ஸ் 112. எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் விரிந்திருக்கிறது. ஐசியுவில் வைத்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மட்டும் கொடுக்கிறார்கள். "மூன்று டெஸ்ட்டும் ரிப்போர்ட்டில் சிவப்பில் வந்திருக்கிறது. டாக்டரோ பிரஷர் நன்றாக இருக்கிறது, பார்க்கலாம் என்கிறார். கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏன் போடவில்லை? டி-டைமரைத் தினமும் எடுக்கச் சொல்லலாமா?"

மேலோட்டமாக இது ஊசியைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ரத்தத்தில் ஓர் எண் பத்து மடங்கு ஏறினால் ஆபத்தும் பத்து மடங்கு ஏறியது என்று அர்த்தமா? அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். 17 வருடமாக அவசர சிகிச்சையிலும் ஐசியுவிலும் வேலை பார்க்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டிருப்பவர் உங்கள் டாக்டர். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் சரியான கேள்வி கேட்கவும் இது உதவினால் போதும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலில் உருவான கட்டி ரத்தக்குழாய் வழியே மேலேறி, இதயத்தின் வலப்பக்கம் கடந்து, நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. வலது கீழறையின் சுவர் மெல்லியது. நுரையீரலுக்குள் குறைந்த அழுத்தத்தில் ரத்தம் தள்ளியே பழகியது அது. திடீரென்று எதிரே கதவைச் சாத்தினால் அது பலூன் போல விரிகிறது. விரிந்த வலப்பக்கம் நடுச் சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது, இடது கீழறையில் ரத்தம் நிரம்ப இடமில்லாமல் போகிறது, உடம்புக்குப் போகும் ரத்தம் குறைகிறது. பிரஷர் விழுந்தால் வலது கீழறையின் சொந்தத் தசைக்கே ரத்தம் போதாமல் போய் அது இன்னும் சோர்ந்துபோகும். இந்த நோயில் சாவு பெரும்பாலும் இந்தச் சுழலில்தான் நடக்கிறது. ஆக நாம் அளக்க வேண்டியது கட்டியின் அளவை அல்ல, வலது கீழறை எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை.

இப்போது டி-டைமர். ரிப்போர்ட்டிலேயே பெரிய எண் இதுதான், வீட்டில் எல்லோரும் பயப்படுவதும் இதைப் பார்த்துத்தான். உங்கள் அம்மா விஷயத்தில் இந்த மூன்றில் மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுவே. உறைந்த ரத்தத்தை உடம்பு கரைக்கும்போது சிதறும் துண்டுதான் டி-டைமர். அறுவை நடந்து 12 நாள் ஆன எவருக்கும் அது ஏறித்தான் இருக்கும். கர்ப்பம், நிமோனியா, புற்றுநோய், முதுமை, அடிபட்ட காயம், எல்லாவற்றிலும் ஏறும். இந்த டெஸ்ட்டின் உண்மையான வேலை "இல்லை" என்று சொல்வது. சந்தேகம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு 500க்குக் கீழே வந்தால் சிடி எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பலாம். 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி அந்த எல்லையை உயர்த்திக்கொள்ளலாம் என்பது 2014இல் வந்த அட்ஜஸ்ட்-பிஇ ஆய்வுக்குப் பிறகு பரவலான வழக்கம்: 63 வயது என்றால் 630. மிக அதிகமான டி-டைமர் உள்ளவர்களில் சாவு கொஞ்சம் கூடுதல் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அதை வைத்து யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. சிடியில் கட்டி தெரிந்துவிட்ட பிறகு இந்த எண்ணின் வேலை முடிந்தது.

டிரோபோனின் அப்படி இல்லை. இதயத் தசைக்குள் இருக்கும் புரதம் அது. தசை காயப்பட்டால் ரத்தத்துக்குள் கசியும். மாரடைப்புக்கு எடுக்கிற அதே டெஸ்ட்தான், இங்கே காயப்படுவது பெரும்பாலும் வலது கீழறை. மாரடைப்பில் ஏறுவது போல ஆயிரக்கணக்கில் ஏறாது, இறங்குவதும் சீக்கிரம். அதனால் "அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்கும் வந்துவிட்டதா" என்று கேட்கத் தேவையில்லை. 2007இல் 20 ஆய்வுகளைச் சேர்த்து, 1,985 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். டிரோபோனின் ஏறியிருந்தவர்களில் 19.7 சதவீதம் பேர் குறுகிய காலத்துக்குள் இறந்திருந்தார்கள். ஏறாதவர்களில் 3.7 சதவீதம். வித்தியாசம் பெரிது, மறுக்க முடியாது. ஆனால் அதே கணக்கை இந்தப் பக்கமிருந்தும் படியுங்கள்: டிரோபோனின் ஏறியும் ஐந்தில் நான்கு பேர் பிழைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஷாக்கோடு, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில், வந்தவர்களும் சேர்த்தி. பிரஷர் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இந்த 20 சதவீதத்தைப் பொருத்திப் பார்ப்பது தப்புக் கணக்கு.

இந்தக் குறிகாட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் இதுதான். "பயமில்லை" என்று சொல்லும்போது இவற்றை நம்பலாம். "பயம்" என்று சொல்லும்போது பாதிதான் நம்பலாம். இப்போது புழங்கும் உயர் உணர்திறன் டிரோபோனின்-டி டெஸ்ட்டில், பிரஷர் சரியாக உள்ள நோயாளிக்கு 14க்குக் கீழே வந்தால் மனம் நிம்மதியாகிறது. அதற்கு மேலே வந்தால் அடுத்த கேள்விகள் ஆரம்பம்: வயது என்ன, கிட்னி எப்படி, ஏற்கெனவே இதய நோய் உண்டா? வயதானவர்களுக்குக் கட்டி இல்லாமலே 14ஐத் தாண்டுவது சகஜம். அதனால்தான் 75 வயதுக்கு மேல் 45 என்ற எல்லையை வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது. உங்கள் அம்மாவுக்கு 63, அதனால் 14 என்ற எல்லைதான். எந்த வகை டிரோபோனின் என்பதையும் ரிப்போர்ட்டில் பாருங்கள். டிரோபோனின்-ஐ என்றால் எல்லை வேறு, அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அலகு விஷயத்தில் ஒரு சின்னக் கதை. ஒரு குடும்பம் நள்ளிரவில் என்னிடம் ஓடி வந்தது. முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் டிரோபோனின் 0.06, எங்களிடம் 58. "இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது சார்" என்று மகன் போனை நீட்டினார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் ரிப்போர்ட் மில்லிக்கு நானோகிராம் கணக்கு. எங்களுடையது லிட்டருக்கு நானோகிராம். 0.06ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 60. ஏறவே இல்லை. டி-டைமரிலும் இதே குழப்பம் உண்டு: எஃப்இயு, டிடியு என்று இரண்டு அலகுகள், முதலாவது ஏறக்குறைய இரண்டாவதின் இரட்டிப்பு. இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிடும் முன் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சில இடங்களில் டிரோபோனினுக்குக் கர்ப்பப் பரிசோதனை அட்டை போல ஒன்றில் சொட்டு ரத்தம் விட்டு "பாசிட்டிவ், நெகட்டிவ்" என்று மட்டும் சொல்வார்கள். அதில் பாசிட்டிவ் வந்தால் கவனிக்கலாம். நெகட்டிவ் வந்ததை வைத்து நான் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

மூன்றாவது, என்டி-ப்ரோபிஎன்பி. பிஎன்பி என்ற பெயரில் உள்ள 'பி' மூளையைக் குறிப்பது. 1988இல் ஜப்பான் விஞ்ஞானிகள் இதை முதலில் கண்டது பன்றியின் மூளையில், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது அதிகமாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகளில், சுவர் இழுபடும்போது. டிரோபோனின் காயத்தைச் சொல்கிறது என்றால், இது சுமையைச் சொல்கிறது. பிரஷர் சரியாக உள்ள பிஇ நோயாளிகளில் 600 என்ற எல்லை ஓரளவு நன்றாக வேலை செய்கிறது. அதற்குக் கீழே இருந்தால் நல்லது. மேலே இருந்தால்? 1,132 பேரைக் கொண்ட ஒரு தொகுப்பாய்வில் பாதிப் பேருக்கு இந்தக் குறிகாட்டி ஏறியிருந்தது. அவர்களில் சீக்கிரம் இறக்கும் அபாயம் 10 சதவீதம்தான். அதாவது எச்சரிக்கை மணி அடிக்கிறது, ஆனால் பாதி வீடுகளில் அடிக்கிறது. கிட்னி பலவீனமாக இருந்தால் ஏறும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஏறும், பழைய இதய வீக்கம் இருந்தால் ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகக் காட்டும். உங்கள் அம்மாவின் 2,300ஐப் படிக்கும் முன் கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, டாக்டர்கள் இதையெல்லாம் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறார்கள்? 2019இல் வந்த ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டி, நான் உட்படப் பலரும் பின்பற்றுவது, முதல் கேள்வியாகப் பிரஷரைத்தான் கேட்கிறது. மேல் பிரஷர் 90க்குக் கீழே விழுந்து அப்படியே நின்றால் அது உயர் அபாயம். அங்கே எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாது, கரைக்கும் ஊசியை யோசிக்க வேண்டியதுதான். பிரஷர் நிற்கிறது என்றால் அடுத்தது வயது, புற்றுநோய், பழைய இதய நுரையீரல் நோய், பல்ஸ், பிரஷர், ஆக்சிஜன் இவற்றை வைத்து ஒரு மதிப்பெண். பல்ஸ் 110ஐத் தொட்டாலே ஒரு புள்ளி, உங்கள் அம்மாவுக்கு 112. அதற்கப்புறம் எக்கோவும் டிரோபோனினும். இரண்டும் கெட்டிருந்தால் "இடைநிலை-உயர்" அபாயம். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டும் சரியாக இருந்தாலும் "இடைநிலை-தாழ்". நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மா இடைநிலை-உயர். ஐசியுவில் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான், டாக்டர் அலட்சியமாக இல்லை. என்டி-ப்ரோபிஎன்பிக்கு இந்த வகைப்பாட்டில் கட்டாய இடமே கிடையாது, கூடுதல் தகவல் மட்டும்.

அப்படியானால் ஊசி? சரியாக உங்கள் அம்மா போன்றவர்களை வைத்தே பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. பெயர் பெய்தோ, 2014இல் வெளிவந்தது. பிரஷர் சரி, எக்கோவிலோ சிடியிலோ வலப்பக்கம் கெட்டிருக்கிறது, டிரோபோனின் பாசிட்டிவ், இப்படி ஆயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேருக்கு ஹெப்பாரினோடு டெனெக்டெப்ளேஸ் என்ற கரைக்கும் ஊசி, மீதிப் பேருக்கு ஹெப்பாரின் மட்டும். ஏழு நாளுக்குள் இறந்தவர்கள் அல்லது பிரஷர் குலைந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.6 சதவீதம், போடாதவர்களில் 5.6. ஊசி ஜெயித்தது போலத் தெரிகிறதா? மூளையில் ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களில் 2 சதவீதம், போடாதவர்களில் 0.2. மூளைக்கு வெளியே பெரிய ரத்தப்போக்கு 6.3க்கு 1.2. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். இந்த ஆய்வைப் படித்தபோது என் கண்ணில் பட்டது இன்னொன்று: இதயத்தின் வலப்பக்கம், டிரோபோனின் இரண்டும் கெட்டிருந்தும், ஹெப்பாரின் மட்டும் வாங்கியவர்களில் 94 பேருக்கு மேல், நூற்றுக்கு, அந்த வாரத்தைக் குலையாமல் கடந்தார்கள். 5.6 பேரைக் காப்பாற்ற எல்லோருக்கும் ஊசி போடுவதைவிட, எல்லோரையும் கண்ணில் வைத்து, அந்த 5.6 பேர் சரியத் தொடங்கும் கணத்தில் பிடிப்பதே மேல் என்ற இடத்துக்கு மருத்துவம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

உங்கள் அம்மாவுக்கு இதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வாரத்துக்குள் பெரிய அறுவை நடந்திருந்தால், கரைக்கும் ஊசி போடக்கூடாதவர்கள் பட்டியலில் அந்த ஐரோப்பிய வழிகாட்டி வைக்கிறது. 12 நாள் முன்பு அறுத்து, எலும்பைச் செதுக்கி, உலோகம் பொருத்திய மூட்டு அது. அந்த ஊசிக்குக் கெட்ட கட்டி எது, காயத்தை மூடிய நல்ல கட்டி எது என்று தெரியாது. பிரஷர் விழுந்து உயிர் போகும் நிலை வந்தால் அந்தத் தடையையும் மீற நேரலாம். அல்லது குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சுவது, அறுவை செய்து எடுப்பது என்று போகலாம். அந்த நிலை வரும் முன் போடுவது சூதாட்டம். ஹெப்பாரின் "மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெப்பாரின் கட்டியைக் கரைக்காது, வளர விடாமல் நிறுத்தும். கரைக்கும் வேலையை அந்த இடைவெளியில் உடம்பே செய்யும். உங்கள் 8,400 டி-டைமர் அந்த வேலை நடப்பதன் குப்பையும்கூட.

இனி என் பக்கத் தவறு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்கள். லாரி ஓட்டும் ஒருவர், நாற்பதுக்குள் வயது, மூச்சுத்திணறல் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். சிடியில் கட்டி. பிரஷர் 110, டிரோபோனின் நார்மல். நான் "லோ ரிஸ்க்" என்று எழுதி வார்டுக்கு அனுப்பினேன். கை குளிர்ந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தேன், ஏசி என்று நினைத்துக்கொண்டேன். திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 3.4 என்று ரத்த வாயுப் பரிசோதனைத் தாளில் இருந்தது, அது சட்டைப் பையில் மடங்கிக் கிடந்தது. ஆறு மணி நேரம் கழித்து பிரஷர் 80. பிழைத்துக்கொண்டார், என் சாமர்த்தியத்தால் அல்ல, வார்டு நர்ஸ் அரை மணிக்கொரு தடவை பார்த்ததால். அன்று இரண்டு பாடம். டிரோபோனின் ஏற நேரம் பிடிக்கும், சீக்கிரம் வந்தவருக்கு நார்மல் என்றால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். இரண்டாவது, பிரஷர் எல்லாவற்றுக்கும் கடைசியில் விழுவது. உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கி, பல்ஸை ஏற்றி, கடைசி வரை பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். 2023இல் வந்த ஒரு பதிவேட்டு ஆய்வில், குழாய் வழியே கட்டி எடுக்கப்பட்ட இடைநிலை அபாய நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு, பிரஷர் சரியாக இருந்தும், இதயம் தள்ளும் ரத்தம் ஷாக் அளவுக்குக் குறைந்திருந்தது.

அதனால் லாக்டேட்டை நான் மதிக்கிறேன். விலை குறைவு, சில நிமிடத்தில் வந்துவிடும், திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்பதை நேரடியாகச் சொல்லும். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேலே ஏறினால் கவனிக்க வேண்டும் என்று இத்தாலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இதுவும் ஏமாற்றும். சால்பியூட்டமால் நெபுலைசர் வைத்தால் ஏறும், கிருமித் தொற்றில் ஏறும், மெட்ஃபார்மின் சாப்பிடும் கிட்னி நோயாளிக்கு ஏறும். ஒற்றை எண்ணைவிட, நான்கு மணி நேர இடைவெளியில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

ஹெச்-எஃப்ஏபிபி, கோபெப்டின், ஜிடிஎஃப்-15 என்று புதிய ரத்தப் பரிசோதனைகளின் பெயர்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஹெச்-எஃப்ஏபிபி டிரோபோனினைவிடச் சீக்கிரம் ஏறுவது உண்மை. ஆய்வுகளில் நன்றாகத்தான் தெரிகின்றன. ஆனால் இவற்றை வைத்துச் சிகிச்சையை மாற்றினால் நோயாளிக்கு நன்மை என்று காட்டியாக வேண்டும், அது இன்னும் நடக்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் இவை இல்லை என்றால் எதையும் இழக்கவில்லை.

இன்று டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்த நோய் உண்டா, வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதும் 160 இருப்பவருக்கு 118 என்பது நார்மல் அல்ல. 40 புள்ளி விழுந்து கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால் அதுவே, வேறு காரணம் இல்லாதபோது, உயர் அபாயத்தில் சேரும். இதை வீட்டு ஆட்கள்தான் சொல்ல முடியும், டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம், உடனே சொல்லுங்கள். பீட்டா ப்ளாக்கர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், பல்ஸை அது அடக்கிக் காட்டும். அப்புறம் லாக்டேட் எவ்வளவு, பல்ஸ் நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா, ஆக்சிஜன் எத்தனை லிட்டரில் ஓடுகிறது, சிறுநீர் போகிறதா. நிலைமை சரிந்தால் அடுத்து என்ன செய்வார்கள், அந்த வசதி அங்கேயே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே மாற்றுவார்கள் என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டி-டைமரைத் தினமும் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நாளைக்கு 9,000 வந்தாலும் சிகிச்சை மாறாது, 6,000 வந்தாலும் மாறாது, உங்கள் தூக்கம்தான் போகும். டிரோபோனினும் என்டி-ப்ரோபிஎன்பியும் நிலை மாறினால் மட்டும் திரும்ப எடுத்தால் போதும். அந்தப் பணத்துக்கு, மூன்று மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கினால், ஓர் எக்கோ எடுங்கள். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாகி, நுரையீரல் தமனியில் அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடும். அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.